புகைக்கும் ஜாதி உண்டோ?

(தாம்பரத்தையடுத்த ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போகிற விஷயத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கோவில், புராணம், திதி, திவசம், ஜாதகம் என்று இத்தனை நாள் பேசிவந்த சுயமரியாதைக்காரர்களுக்குச் சரக்கு தீர்ந்துபோய், கரியடுப்பையும் கம்பி வலையையும் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார்களோ என்று கேட்கலாம். கரியடுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறோம், சந்தேகமில்லை. வெட்டவெளியில் நெருப்பு மூட்டி, இறைச்சியையோ மீனையோ கம்பியில் கோத்துச் சுட்டு, நாலு பேர் கூடி நின்று தின்கிற வழக்கம் இருக்கிறதே, இப்பொழுது 'பார்பிக்யூ' என்று பெயர் சொல்லி ஹோட்டல்களில் தலைக்கு ஆயிரம் ரூபாய் வரை வாங்குகிறார்களே, அதைப் பற்றித்தான். ஆனால் அந்த அடுப்பினால் ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலைமை வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

நடந்ததைச் சொல்லுகிறோம். நமது தோழர் ஒருவர் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாடகைக்கு இருக்கிறார். தொழிற்சாலையில் வேலை. மனைவி பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஒரு பெண் குழந்தை. வாடகை ஒரு மாதமும் தவறினதில்லை. சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மாலை, கூட வேலை செய்கிறவர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்து மொட்டை மாடியில் ஒரு சிறு விருந்து வைத்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமானாக வாங்கின கால் வைத்த இரும்புத் தொட்டி அடுப்பு ஒன்று. அதன் மேல் போட ஒரு கம்பி வலை. ஒரு டஜன் இரும்புக் கம்பி. நீளப் பிடி போட்ட இடுக்கி. எண்ணெய் தடவ ஒரு தூரிகை. விசிறுவதற்குக் கிழிந்த அட்டைப் பெட்டி. ஆயுதங்கள் இவ்வளவுதான். தயிரிலும் மிளகாயிலும் ஊறின கோழி, மஞ்சள் தடவின சங்கரா மீன், ஒரு தட்டு மாட்டுக்கறி, குழந்தைகளுக்குச் சோளக்கதிர். இரவு 9 மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்து, தண்ணீர் ஊற்றி, மாடியைக் கழுவிவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் காலையில் குடியிருப்போர் சங்கத்தின் நோட்டீஸ் வந்தது. மாடியில் அசைவம் சுட்டது கட்டிடத்தின் தூய்மைக்குக் கேடாம். வீட்டுக்காரரும், வாடகைக்கு விடும்போதே 'சுத்தமான குடும்பம்' என்று நம்பித்தான் கொடுத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் காலி செய்யும்படி கேட்டுவிட்டார். குழந்தைக்குப் பரீட்சை நேரம். மேடவாக்கம், சேலையூர், செம்பாக்கம் என்று அலைந்து பார்த்தால், வீட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே "நீங்கள் வெஜிடேரியனா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அது என்ன கேள்வி என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

நாம் நாலு பேராகப் போய்ச் சங்கத்தின் காரியதரிசியைப் பார்த்தோம். மரியாதையாகவே உட்காரச் சொன்னார், காப்பியும் கொடுத்தார். "ஐயா, இதில் ஜாதி, மதம் ஒன்றும் இல்லை. புகைதான் ஆட்சேபணை" என்றார். புகை என்றால் அது நியாயமான ஆட்சேபணைதான் என்று நாமும் ஒப்புக்கொண்டோம். நாலு பேர் குடியிருக்கிற இடத்தில் ஒருவன் மூட்டுகிற புகை இன்னொருவன் மூக்கில் ஏறுவது சரியல்ல. "அப்படியானால் சென்ற ஆவணியில் இதே மாடியில் சங்கத்துப் பணத்திலேயே ஹோமம் செய்தீர்களே, காலை 5 மணிக்கு ஆரம்பித்துப் 10 மணி வரை புகைந்ததே, இரண்டாம் மாடியில் ஆஸ்துமாக்காரப் பாட்டியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அதற்கு யாருக்கு நோட்டீஸ் கொடுத்தீர்கள்?" என்று கேட்டோம்.

கனவான் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அது வேறு, இது வேறு" என்றார்.

தோழர்களே, இந்த நாலு வார்த்தைகளைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம்.

கரியடுப்பில் புகை எங்கிருந்து வருகிறது? கரியிலிருந்து அதிகம் வருவதில்லை. கரி என்பதே ஏற்கனவே புகை போக்கின விறகு. நமது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் சீமைக் கருவேலங்கட்டையை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, மண் பூசி மூடி, உள்ளே கொஞ்சமாகக் காற்றுப் போகும்படி விட்டுத் தீ வைப்பார்கள். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். காற்றுப் போதாததால் கட்டை எரிந்து சாம்பலாகாமல் நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகும். ஈரமும், புகையாகப் போகக்கூடிய மற்ற வஸ்துக்களும் வெளியேறி, கரி மட்டும் மிச்சமாகும். கண் எரிய, நெஞ்சு கமற, அந்த மூட்டத்தின் பக்கத்தில் இரவெல்லாம் காவல் இருக்கிற கூலிக்காரனும் அவன் பெண்டாட்டியும் நமக்காகப் புகையை முன்கூட்டியே குடித்துவிடுகிறார்கள். இதை ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தின்கிற இடத்தில் யாரும் நினைப்பதில்லை.

ஆகவே, கரி நன்றாகப் பிடித்து மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தபின் அடுப்பில் அனல்தான் இருக்கும், புகை இராது. அதன்மேல் கறியை வைத்ததும் புகை கிளம்புகிறதே என்றால், கறியிலிருந்து கொழுப்பு உருகிச் சொட்டுச் சொட்டாக நெருப்பில் விழுகிறது. அது தீய்ந்து ஆவியாகிப் புகைகிறது. நல்லது. ஹோம குண்டத்தில் என்ன செய்கிறார்கள்? நெய்யைக் கரண்டியால் மொண்டு நெருப்பில் விடுகிறார்கள். நெய் என்பது என்ன? மாட்டின் பாலிலிருந்து எடுத்த கொழுப்பு. கோழியின் கொழுப்பு நெருப்பில் விழுந்தாலும் மாட்டின் கொழுப்பு நெருப்பில் விழுந்தாலும் நடப்பது ஒன்றுதான். நெருப்புக்கு வேதமும் தெரியாது, சங்கத்தின் சட்ட திட்டமும் தெரியாது. இன்னும் சொல்லப்போனால், ஹோமத்தில் போடுகிற சமித்து மூட்டத்தில் வெந்த கரி அல்ல. பச்சைச் சுள்ளியும் கலந்த விறகு. அதனால் நமது தோழரின் அடுப்பைவிடச் சங்கத்தின் குண்டம்தான் அதிகம் புகைந்திருக்கும். புகைதான் ஆட்சேபணை என்றால் முதல் நோட்டீஸ் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

நிற்க. ஹோமத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால் இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். இறைச்சி சுடுகிற கம்பியும் கவட்டையும் அந்நியன் சாமான், நமது தர்மத்துக்கு விரோதம் என்கிறார்களே, யாகத்துக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலை அவர்களுடைய நூல்களிலேயே எடுத்துப் பார்க்கட்டும். யாகப் பசுவின் வயிற்றுக் கொழுப்புச் சவ்வுக்கு வபை என்று பெயர். அதை நெருப்பில் வாட்டுவதற்காகவே செய்த இரண்டு மரக்குச்சிகளுக்கு வபாஸ்ரபணி என்று பெயர். பசுவின் இருதயத்தைக் குத்திச் சுடுகிற கம்பிக்கு ஹிருதய சூலம் என்று பெயர். ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தில் ருத்திரனுக்கு மாட்டைப் பலி கொடுக்கிற சடங்கு ஒன்று வருகிறது. அதன் பெயரே சூலகவம். சூலம் என்றால் கம்பி, கோ என்றால் மாடு. பெயரை வைத்தே அடுப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். பழைய காலத்துப் பார்ப்பனர் மாட்டிறைச்சி உண்டதை அம்பேத்கர் 1948-இல் தீண்டாதார் வரலாற்றைப் பற்றி எழுதின புத்தகத்தில் அவர்களுடைய சாஸ்திரங்களைக் கொண்டே விரிவாய் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆக, கம்பியில் கோத்துச் சுடும் கலைக்குச் சாமான் பட்டியல் எழுதி வைத்த கூட்டத்தாரின் பேரைச் சொல்லித்தான் இன்று நமது தோழரின் கம்பியைத் தீட்டு என்கிறார்கள்.

தமிழன் சங்கதி என்ன? பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தைப் படித்துப் பாருங்கள். இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகளைச் சூடு பொறுக்காமல் வாயில் இப்பக்கமும் அப்பக்கமும் மாற்றி மாற்றித் தின்றதாக வருகிறது. இதைவிட இன்றைய மாடி விருந்துக்கு வேறு வர்ணனை வேண்டுமா? சிறுபாணாற்றுப்படை நம்மூர்ப் பக்கத்துச் சங்கதியே. திண்டிவனத்தைச் சுற்றின ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடினது அது. அதில் வருகிற எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துப் பிரயாணம். அந்தக் கடற்கரையில் பரதவப் பெண்கள், அலை அடித்துக்கொண்டு வந்த வாசனை மரத்தை விறகாக்கித் தீ மூட்டி, வழிப்போக்கனான பாணனுக்குச் சுட்ட மீன் கொடுக்கிறார்கள். வந்தவன் என்ன குலம், எந்தத் தெரு என்று ஒருத்தியும் கேட்டதாகப் பாட்டில் இல்லை. கபிலரை அந்தணர் என்கிறார்கள். அவரோ சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடத்தில், உன் இறைச்சிச் சோற்றைத் தின்று தின்றுதான் என் கை மெத்தென்று இருக்கிறது என்ற கருத்தில் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சங்ககாலத்தில் எல்லாம் பொன்னாய் இருந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. அந்தக் காலத்து ராஜாக்களின் கதையில் நமக்கு வேண்டாதது நிறைய உண்டு. சுட்ட கறிக்கு வெட்கப்பட்டவன் தமிழனல்ல என்கிற மட்டுக்கும் அது சாட்சி.

சரி, பழைய பாட்டு வேண்டாம், பக்தி நூலே வேண்டுமென்றால் கண்ணப்பர் கதையைப் பார்ப்போம். காளத்தி மலையில் பன்றியை அடித்து, துண்டாக்கி, அம்பில் கோத்து நெருப்பில் வாட்டி, பதம் பார்க்க வாயில் போட்டுச் சுவைத்து, அதையே சாமிக்குப் படைத்தார் என்று பெரியபுராணக்காரரே சொல்லுகிறார். கண் பிடுங்கின கதையை நாம் நம்பவில்லை, நம்புகிறவர்களைத்தான் கேட்கிறோம். அந்தக் கண்ணப்பரைச் சிவன் கோவிலுக்குள்ளே 63 பேரில் ஒருவராய்ச் சிலை வைத்துப் பூவும் போடுகிறீர்களே, அவரே வில்லும் நாயுமாக வந்து உங்கள் கட்டிடத்தில் ஒரு படுக்கையறை வீடு வாடகைக்குக் கேட்டால் கொடுப்பீர்களா?

'பார்பிக்யூ' என்பது வெள்ளைக்காரன் நாகரிகம், நமக்கெதற்கு என்று தேசபக்தியோடு பேசுகிறவர்களும் உண்டு. அது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. கரீபியத் தீவுகளில் இருந்த தைனோ மக்கள் மரக்கொம்புகளால் பரண் கட்டி, அதன் மேல் மீனையும் இறைச்சியையும் வைத்துக் கீழே தீ மூட்டினார்கள். அந்தப் பரணுக்கு அவர்கள் வழங்கின சொல்லை ஸ்பானியர் பிடித்துக்கொண்டார்கள். சொல்லை எடுத்துக்கொண்டு சொன்னவர்களை அநேகமாய் அழித்தும் விட்டார்கள். பிறகு அமெரிக்காவின் தென்பாகத்தில், பண்ணைக்காரர்களின் விருந்துக்கு இரவெல்லாம் குழியில் தணல் பார்த்துப் பன்றி சுட்டவர்கள் நீக்ரோ அடிமைகள். கைப்பக்குவம் அவர்களுடையது, விருந்து எஜமானுடையது. 1952-இல் சிக்காகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்கிற உலோகப் பட்டறைக்காரர், கடலில் மிதக்கவிடுகிற இரும்பு மிதவையை இரண்டாய் அறுத்து மூடிபோட்ட அடுப்பாக்கினார். அதற்கப்புறம் அது வீட்டுத் தோட்டத்துச் சாமானாகிவிட்டது. மூடி, உஷ்ணமானி, கையுறை, வலை சுரண்டும் பிரஷ் என்று ஆயிரம் உபசாமான்கள் கைப்பேசியில் விற்கிறார்கள். நாம் சொல்லுகிறோம், அதில் முக்கால்வாசி வீண்செலவு. தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக்கடைக்காரரிடம் சொன்னால், கம்பியும் வலையும் அளவெடுத்துச் செய்து தருவார். ஜிங்க் பூசின வலையை மட்டும் வாங்காதீர்கள். சூட்டில் அந்தப் பூச்சு புகைந்து கெடுதல் செய்யும். மூடின அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். அதில் பிறக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும். கருகின பாகத்தைச் சுரண்டி எறியுங்கள். இறைச்சி கருகக் கருக, புற்றுநோய்க்கு இடங்கொடுக்கிற வஸ்துக்கள் அதிகமாகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். சுட்ட கறி நம் கட்சி என்பதற்காக அதன் குற்றத்தை மறைப்பது பகுத்தறிவல்ல.

காரியதரிசியிடத்திற்குத் திரும்பி வருவோம். அவர் ஒரு பார்ப்பனராய் இருப்பார் என்று இவ்வளவு நேரம் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதுதான் இல்லை. அவர் நம்மவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பிரியாணிக் கடையில் ஆட்டுக்கறி தின்கிறவர். கறி அவருக்கு ஆகாததல்ல. எந்தக் கறி, யார் கையால், யார் பார்க்க என்பதுதான் அவருக்குச் சங்கடம். அந்த ஒரு தட்டு மாட்டுக்கறிதான் அவர் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது. பேச்சுவாக்கில், "கோழியோடு நிறுத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்" என்று வாயை விட்டுவிட்டார். அன்று மாடிக்கு வந்தவர்களிலேயே இரண்டு பேர், அந்தத் தட்டில் இருப்பது என்னவென்று தெரிந்ததும், மற்ற எதையும் தொடாமல் இறங்கிப் போனார்கள். அவர்கள் நமது கூட்டங்களுக்கு வருகிறவர்கள். இப்பொழுது இங்கேயும் இருக்கலாம். இருந்தால் நல்லது.

ஜாதி என்கிற மரத்துக்கு வேர் அடுப்பங்கரையில் இருக்கிறது. ரயிலில் ஜாதி நிற்கவில்லை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது முதல் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் போகிறோம். அடுப்பங்கரைக்கு மட்டும் கதவு இருக்கிறது. சமைப்பவன் யார், பார்ப்பவன் யார், பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று அங்கேதான் கணக்கு வைக்கிறார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச்சாப்பாடு போட்ட சங்கதி 1925 வாக்கில் இந்த நாட்டையே கலக்கிற்று. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்கிற எழுத்தை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் செய்து எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போனார்கள். எழுத்து போயிற்று. ஆனால் 2018 டிசம்பரில், நமக்குப் பக்கத்திலேயே, கிண்டியையடுத்த ஐ.ஐ.டி.யில், ராக்கெட்டுக்குக் கணக்குப் போடுகிற பிள்ளைகளின் உணவுக்கூடம் ஒன்றில், சைவருக்கு ஒரு வாசல், அசைவருக்கு ஒரு வாசல், கைகழுவும் தொட்டியும் தனித்தனி என்று எழுதி ஒட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பினதும் எடுத்துவிட்டார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாய் ஜில்லா நிர்வாகம் சொல்லி, மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் அங்கே இடமில்லை என்றது. ஆம்பூரிலே! கண்டனம் வந்தது, பிறகு மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், இது பேதம் காட்டுவதாகாதா என்று விளக்கமும் கேட்டது. பலகையை எடுத்தவர்கள், வாசனையில் அதே எழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் வெட்டவெளி அடுப்பை நாம் சாதாரணமாய் நினைக்கவில்லை. அதற்குக் கதவில்லை. மடி இல்லை. சமைக்கிறவன் எதிரே நிற்கிறான், தின்கிறவன் அவன் கையைப் பார்த்துக்கொண்டே தின்கிறான். இடுக்கி கைமாறிக்கொண்டே இருக்கிறது. சிறு பிள்ளைகள் தெருவில் கூட்டாஞ்சோறு ஆக்கும்போது யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று கேட்பதில்லையே, அந்தப் புத்தி பெரியவர்களுக்குத் திரும்பி வருகிற இடம் அது.

தாய்மார்கள் இங்கே வந்திருப்பதால், ஆண்பிள்ளைத் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லையென்று ஒன்று கேட்கிறோம். மாடியில் கரியடுப்பு வைத்தால் ஆண்பிள்ளைகள் ஓடிவந்து இடுக்கியைப் பிடிக்கிறார்கள், விசிறுகிறார்கள், படம் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதே ஆண்பிள்ளை வீட்டுக்குள்ளே வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு குடிக்கமாட்டேனென்கிறார். அன்று மாடி விருந்துக்கு முதல் நாளே மசாலா அரைத்தது யார்? மீன் கழுவினது யார்? மறுநாள் காலையில் கொழுப்பு உறைந்த அந்த வலையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது யார்? விசாரித்தோம். தோழரின் மனைவிதான். நோட்டீஸை முதலில் கையில் வாங்கினதும் அந்த அம்மாள்தான். அப்போது அவர் கையில் இன்னும் சாம்பல் இருந்ததாம். கணவன் சுட்ட கறிக்குப் புகழும் மனைவி தேய்த்த வலைக்கு மறதியும் என்றால், ஹோட்டலில் ஒழித்த பந்திபேதத்தை வீட்டில் வளர்க்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இப்பொழுது நிலைமை என்னவென்றால், சங்கத்துக்கு நாம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். மாடியில் நெருப்பே கூடாது என்று விதி செய்வதானால் செய்யுங்கள், ஹோமத்துக்கும் சேர்த்துச் செய்யுங்கள், நாம் கையெழுத்துப் போடுகிறோம். அல்லது நெருப்புக்கு இடம், நேரம், தண்ணீர் வாளி, மணல் வாளி என்று ஒழுங்கு செய்து எல்லாருக்கும் அனுமதியுங்கள், அதற்கும் கையெழுத்துப் போடுகிறோம். இறைச்சிக்கு ஒரு விதி, நெய்க்கு ஒரு விதி என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று எழுதியிருக்கிறோம். ஆஸ்துமாக்காரப் பாட்டியம்மாளும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் சைவம். "எனக்கு எந்தப் புகையும் ஆகாதுப்பா, எல்லாவற்றையும் நிறுத்து" என்று சொல்லித்தான் போட்டார். பதில் 10-ஆம் தேதிக்குள் வரவேண்டும். வீட்டுக்காரர் கெடுவை ஏப்ரல் வரை நீட்டியிருக்கிறார், பரீட்சைக்காக.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு, ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்தில் பொது அடுப்பு வைக்கிறோம். மூன்று தொட்டி. ஒன்றில் மாட்டுக்கறி, ஒன்றில் கோழியும் மீனும், ஒன்றில் கத்திரிக்காய், சர்க்கரைவள்ளி, சோளம். எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பது அவரவர் நாக்கின் இஷ்டம். யார் பக்கத்தில் நின்று தின்பது என்பதில் இஷ்டம் கிடையாது. காரியதரிசி அவர்களையும் அழைத்திருக்கிறோம். வருவதாய்ச் சொல்லவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை. மசாலா அரைப்பதும் வலை தேய்ப்பதும் அன்று ஆண்பிள்ளைகள் வேலை, பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொடுக்கலாம். தட்டு அவரவர் கொண்டுவரவேண்டும். கரி மூட்டை வந்துவிட்டது. கம்பி வலைதான் இரண்டு குறைகிறது; வீட்டில் வைத்திருக்கிறவர்கள் சனிக்கிழமைக்குள் படிப்பகத்தில் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டு இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுகிறோம்.